எடைக் குறைப்புத் தீர்மானம் பாதியில் நிற்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் இரண்டு வாரம் யாருக்கும் கஷ்டமில்லை. ஆரம்ப சூரத்தனமே இழுத்துக்கொண்டு போய்விடும். சிக்கல் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் வருகிறது. எடை இறங்காது, வேலை கூடியிருக்கும், பாராட்டிய வாய்களும் ஓய்ந்திருக்கும். கீழே உள்ள பதில்கள் அந்த வாரங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

‘இந்த வருடம் 10 கிலோ குறைப்பேன்’ என்று முடிவெடுத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. 10 கிலோ என்பது விளைவு. காலையில் எழுந்து அதை யாரும் ‘செய்ய’ முடியாது. செய்யக்கூடிய காரியமாக அதை உடைத்து எழுத வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து விளக்கிய ஒரு முறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: ‘இது நடந்ததும், இந்த இடத்தில், நான் இதைச் செய்வேன்.’ ‘தினமும் நடப்பேன்’ என்று எழுதாமல், ‘இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு 20 நிமிடம் நடப்பேன்’ என்று எழுதுங்கள். களைத்துப்போன நேரத்தில் போகலாமா வேண்டாமா என்று மனத்தோடு வழக்காட வேண்டியிருக்காது. முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது.

ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு அளவு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று சாதாரண நாளுக்கு. மற்றது தலைவலி, விருந்தாளி, அலுவலக நெருக்கடி எல்லாம் சேர்ந்து வரும் நாளுக்கு. 20 நிமிட நடைக்கு மோசமான நாளின் அளவு 5 நிமிடம். 3 சுற்று உடற்பயிற்சிக்கு 1 சுற்று. கேட்டால் சிரிப்பு வருகிற அளவுக்குச் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. பல தீர்மானங்கள் முறிவது இந்த இரண்டாவது அளவு எழுதப்படாமல் இருப்பதால்தான்.

தொடக்கத்தில் இரண்டு காரியங்கள் போதும்: சாப்பாட்டில் ஒன்று, அசைவில் ஒன்று. அவை மூன்று, நான்கு வாரம் ஓடிய பிறகு மூன்றாவதைச் சேர்க்கலாம்.

எவ்வளவு குறைப்பதை இலக்காக வைக்கலாம்?

இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம். 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. அதிக எடை உள்ளவர்களுக்கு இந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஆகியவற்றில் நல்ல மாற்றம் தெரியும். அதற்கு மேல் வேண்டுமானால், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அடுத்த இலக்கை வையுங்கள்.

வேகம் வாரத்துக்கு அரைக் கிலோ. அதிகபட்சம் 1 கிலோ. அதைவிட வேகமாகக் குறைத்தால் தசை கூடுதலாகக் கரையும், பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரலாம். அப்படி உதிரும் முடி பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும் என்றாலும், சீப்பில் அதைப் பார்க்கும் நாளில் தீர்மானமும் சேர்ந்து உதிர்ந்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று எப்படிக் கணக்கிடுவது?

1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் வீட்டுக் கணக்குக்குப் போதுமானது. எடையைக் கிலோவில் 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். இது முழு ஓய்வில் இருந்தாலே உடல் செலவழிக்கும் அளவு. நாளின் பெரும்பகுதி உட்கார்ந்த வேலை, கொஞ்சம் நடை என்றால் இதை 1.4ஆல் பெருக்குங்கள்.

70 கிலோ எடை, 158 செ.மீ. உயரம், 35 வயதுப் பெண்ணுக்கு: 700 + 987.5 − 175 − 161 = 1351.5. அதை 1.4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,890 கலோரி. இதில் 400 குறைத்து 1,490 என்று தொடங்கலாம். 1 கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருப்பதால், தினம் 400 குறைவு என்பது மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும்.

சூத்திரம் தருவது ஒரு தோராயம். அதே எடை, அதே உயரம் உள்ள இருவருக்குள்ளேயே 200 கலோரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். மூன்று வாரம் அந்த அளவில் சாப்பிட்டுப் பாருங்கள். எடை இறங்காவிட்டால் 100 முதல் 150 வரை குறையுங்கள். பலவீனமாக உணர்ந்தால் கூட்டுங்கள். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் 1,200க்குக் கீழே போக வேண்டாம்.

முதல் வாரம் 2 கிலோ குறைந்தது. இரண்டாம் வாரம் ஒன்றுமே குறையவில்லை. என்ன தவறு செய்தேன்?

எதுவுமில்லை. முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சுமார் அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. கொழுப்பு கரையத் தொடங்குவது உங்கள் கண்ணுக்கு அவ்வளவு வேகமாகத் தெரியாது.

தினமும் எடை பார்க்கலாமா, வாரம் ஒருமுறை போதுமா?

தினமும் பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், அதே கருவியில், கெட்டியான தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு எண்களையும் கூட்டி 7ஆல் வகுத்து, போன வார எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஒரே நாளில் 1 முதல் 2 கிலோ ஏறி இறங்குவது இயல்பு. முந்தைய நாள் உப்பு கூடுதல், மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய சில நாள்கள், புதிதாகச் செய்த பயிற்சியால் தசையில் வந்த வீக்கம் என்று எல்லாமே தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய் வருபவர்கள் இந்த மாதவிடாய்ச் சுழற்சியின் எட்டாம் நாளைப் போன சுழற்சியின் எட்டாம் நாளோடு ஒப்பிடுவதுதான் நியாயமான கணக்கு.

எண்ணைப் பார்த்தாலே அன்றைய மனநிலை கெடுகிறது என்றால் கருவியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றின் சுற்றளவை அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளவு நாடாவைச் சுற்ற வேண்டும். இறுக்கக் கூடாது. இந்தச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது.

எந்த டயட் சிறந்தது?

ஆறு மாதம் கழித்தும் உங்களால் சாப்பிட முடிகிற டயட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரைக் கொழுப்பு குறைந்த உணவு, மாவுச்சத்து குறைந்த உணவு என்று இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்தது. 2018இல் முடிவு வெளியானது. இரண்டு குழுவும் சராசரியாக 5, 6 கிலோ குறைந்திருந்தன. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. குழுக்களுக்குள்தான் பெரிய வித்தியாசம் இருந்தது. சிலர் ஏராளமாகக் குறைந்தார்கள், சிலர் ஏறினார்கள். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையும் அப்படித்தான். மொத்த அளவு குறைந்தால் எடை குறையும். மிச்ச 8 மணி நேரத்தில் விட்டதைப் பிடித்தால் குறையாது.

பசி தாங்க முடியவில்லை. மன உறுதி குறைவா?

மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன் தட்டைப் பாருங்கள். பசியை நெடுநேரம் அடக்குவது புரதமும் நார்ச்சத்தும், வயிற்றில் இடம் பிடிக்கும் தண்ணீர் நிறைந்த உணவும். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 1.6 கிராம் புரதம் பலருக்குச் சரியாக இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. 70 கிலோ என்றால் குறைந்தது 84 கிராம். இதை ஒரே வேளையில் தின்று தீர்க்க முடியாது. மூன்று வேளையாக, வேளைக்கு 28 முதல் 30 கிராம் என்று பிரித்தால்தான் எட்டும். பலருக்குக் காலை உணவில்தான் புரதம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கிறது; பதினொரு மணிக்கே கை நொறுக்குத்தீனியைத் தேடுவதற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

தட்டில் பாதியைக் காய்கறிக்குக் கொடுங்கள், கால் பகுதியைப் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதத்துக்கும் மீதிக் காலைத் தானியத்துக்கும் கொடுங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுத் தானியத்தைக் கடைசியில் தொடுங்கள். தட்டு காலியானதும் இரண்டாம் முறை போட்டுக்கொள்வதற்கு முன் 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

பாக்கெட்டில் வரும் உணவு இன்னொரு காரணம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். வைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் சமமாக இருந்தன. விருப்பம்போல் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் மன உறுதி போய்விட்டது என்று சொல்ல முடியாது அல்லவா?

நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் குறையவில்லை.

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, எண்ணுவதில் விட்டுப்போகிறது. இதே குறையோடு வந்த 10 பேரை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பு 51 சதவீதம் அதிகமாகவும் இருந்தது. விட்டுப்போகும் இடங்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

முதலாவது, எண்ணெய். 1 மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஏறக்குறைய 120 கலோரி. பாட்டிலில் இருந்து நேராகச் சட்டியில் ஊற்றினால் அது இரண்டு கரண்டியா மூன்றா என்று யாருக்கும் தெரியாது. வாரத்துக்கான எண்ணெயைத் தனிப் பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துக்கொள்வது சண்டை இல்லாத வழி.

அடுத்தது குடிப்பவை. தினம் 4 கோப்பை தேநீர், ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 32 கிராம் சர்க்கரை, சுமார் 130 கலோரி. உலகச் சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் 25 கிராம் அங்கேயே தாண்டிவிட்டது. பழச்சாறு, குளிர்பானம், மது எல்லாம் இதே கணக்கில் வரும். மதுவின் ஒவ்வொரு கிராம் ஆல்கஹாலுக்கும் 7 கலோரி உண்டு. குழந்தையின் தட்டில் மிஞ்சியது, சமைக்கும்போது ருசி பார்த்தது, அலுவலகத்தில் யாரோ நீட்டிய இனிப்பு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, வார இறுதி. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 400 குறைத்தால் 2,000. சனி, ஞாயிறு தலா 1,000 கூடுதலாகச் சாப்பிட்டால் அதுவும் 2,000. ஐந்து நாள் வயிற்றைக் கட்டியதற்கு மிச்சம் பூஜ்யம்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி இரண்டே வாரம் எல்லாவற்றையும் எடைபோட்டு, வாயில் போடுவதற்கு முன் எழுதுங்கள். காலம் முழுக்க எழுத வேண்டியதில்லை. கண்ணுக்கு அளவு பழகினால் போதும்.

உடற்பயிற்சி மட்டும் செய்து குறைக்க முடியாதா?

மிகவும் கடினம். 70 கிலோ எடையுள்ளவர் 1 மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட 170 முதல் 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். அது ஒன்றரைக் கரண்டி எண்ணெய். ‘இன்று நடந்தேனே’ என்று கூடுதலாக ஒரு வாய் சாப்பிட்டாலும், களைப்பில் மீதி நாள் முழுக்க நாற்காலியைவிட்டு எழாவிட்டாலும் அதுவும் போச்சு.

ஆனால் குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பதிலும், தசையைக் காப்பதிலும், இதயத்துக்கும் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் உடற்பயிற்சி தரும் பலனைச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தராது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் அவசியமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல் 10 முறை, சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப் 10 முறை, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குதல் 12 முறை, தண்ணீர் நிரப்பிய பையை இடுப்பை நோக்கி இழுத்தல் கைக்கு 10 முறை. இது ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் 1 சுற்று, பிறகு 2, பிறகு 3. 15 முறை எளிதாக வந்தால் கடினமாக்குங்கள்: சுவருக்குப் பதில் மேசை, மேசைக்குப் பதில் தரை. முதல் வாரமே 5 சுற்று செய்பவர்கள் நான்கு நாள் மாடிப்படி இறங்க முடியாமல் நொண்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். மூட்டில் குத்தும் வலி, நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

தினம் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?

இல்லை. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவக் கணக்கு அல்ல. இப்போது 3,000 நடக்கிறீர்கள் என்றால் 4,500 உங்களுக்கு நல்ல இலக்கு.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

முகம் மாற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர் 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் காணாமல் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்றாகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், யோசிக்காமல் தானாக வருகிற நிலையை எட்ட ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் பழகின, உடற்பயிற்சி தாமதமாகப் பழகியது. ஆசை அறுபது நாள் என்பார்கள். ஆசை தீர்ந்த பிறகும் பலருக்கு இன்னும் சில நாள்களோ மாதங்களோ இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் அந்த மோசமான நாளின் அளவு. அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதையும் கண்டார்கள்.

ஒரு நாள் கட்டுப்பாடு உடைந்தால் ஒரு வாரமே போய்விடுகிறது. ஏன்?

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற மனநிலை. 1975இல் வெளியான ஒரு சோதனையில், சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வைத்தார்கள். வயிறு நிறைந்தவர்கள் குறைவாகச் சாப்பிட வேண்டும். மில்க் ஷேக் குடித்தவர்கள்தான் அதிகமாகச் சாப்பிட்டார்கள்! ‘இன்றைய கணக்கு ஏற்கெனவே போச்சு’ என்று மனம் முடிவுகட்டிவிட்டது.

இதற்கு மாற்று, கணக்கை உண்மையாகப் பார்ப்பது. ஒரு விருந்தில் 1,500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கக் கொழுப்பாக மாறினாலும் 200 கிராமுக்குள்தான். மறுநாள் எடை 2 கிலோ ஏறிக் காட்டும். மிச்சமெல்லாம் உப்பும் தண்ணீரும் இன்னும் செரிக்காத சாப்பாடும். மூன்று, நான்கு நாளில் அது இறங்கிவிடும்.

உடைந்த நாளன்று செய்ய வேண்டியவை: அடுத்த வேளையை வழக்கமான அளவிலேயே சாப்பிடுங்கள். பட்டினி போட வேண்டாம். அது மறுநாள் மாலை இன்னொரு உடைப்பில்தான் முடியும். அன்றைய நடையை 5 நிமிடமாவது நடந்து முடியுங்கள். என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணி, எங்கே, யாரோடு, பசியா அலுப்பா. நான்கைந்து வரிகள் சேர்ந்ததும் அநேகமாக ஒரே நேரமோ ஒரே இடமோ திரும்பத் திரும்ப வருவது தெரியும். மாலை ஆறு மணி என்றால் ஐந்து மணிக்குப் புரதம் உள்ள சிற்றுண்டி ஒன்றைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

நாள்காட்டியில் எத்தனை நாள் தொடர்ந்து செய்தீர்கள் என்று எண்ணுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 40 நாள் தொடர் அறுந்தால் வருகிற சோர்வு பெரிது. மாதத்தில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணுங்கள். 30க்கு 24 வந்தால் எடை குறையும்.

பயணம், திருமணம், காய்ச்சல் வந்தால்?

குறைக்கும் முயற்சியை அந்த நாள்களுக்கு நிறுத்திவிட்டு, ஏறாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் வேலையாக வையுங்கள். ஒரு வேளை விருந்து, மற்ற வேளைகள் எளிமையாக. காய்ச்சலில் உடற்பயிற்சி வேண்டாம். திரும்பத் தொடங்கும் தேதியைக் கிளம்பும் முன்பே எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை.

எல்லோரையும் மாற்றப் போனால் உங்கள் தீர்மானம் வீட்டுச் சண்டையாகிவிடும். இரண்டு சின்னக் கோரிக்கைகள் போதும்: நொறுக்குத்தீனியை மூடிபோட்ட, உள்ளே தெரியாத டப்பாவில் உயரமான அலமாரியில் வைப்பது, ‘இன்னும் கொஞ்சம்’ என்று தட்டில் தாங்களாகப் போடாமல் இருப்பது. பரிமாறும் பாத்திரத்தை மேசையில் வைக்காமல் அடுப்படியிலேயே வைத்தால், மறுமுறை போட எழுந்து போக வேண்டும். அந்த நான்கடியே பலருக்குத் தடையாகிவிடும்.

தூக்கத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைவாகச் சாப்பிட்டவர்கள் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்த காலத்திலும் ஐந்தரை மணி நேரம் இருந்த காலத்திலும் ஏறக்குறைய ஒரே எடையைத்தான் இழந்தார்கள். ஆனால் தூக்கம் குறைந்தபோது அந்த இழப்பில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்தது. போனது தசை உள்ளிட்ட மற்றவை. பசியும் கூடியது. 7 மணி நேரத்தை உடற்பயிற்சிக்குச் சமமான காரியமாகத் திட்டத்தில் எழுதுங்கள். சத்தமான குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் மூச்சுத் தடைக்கான பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தொப்பை மட்டும் குறைய என்ன பயிற்சி?

அப்படி ஒன்று இல்லை. வயிற்றுப் பயிற்சி அடியில் உள்ள தசையை வலுவாக்கும். மேலுள்ள கொழுப்பு மொத்த உடலோடு சேர்ந்துதான் குறையும்.

மூன்று மாதம் நன்றாகக் குறைந்தது. இப்போது ஒரு மாதமாக அசையவில்லை.

மேலே சொன்ன சூத்திரத்தில் உங்கள் புதிய எடையைப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ குறைந்தவருக்கு ஓய்வுச் செலவு 100 கலோரியும், 1.4ஆல் பெருக்கினால் மொத்தம் 140 கலோரியும் குறைந்திருக்கும். அதற்கு மேலும் உடல் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும்; நமக்குத் தெரியாமலே அசைவும் குறையும். தொடக்கத்தில் குறைவாக இருந்த அளவு இப்போது சரிக்குச் சரியாகிவிட்டது.

முதலில் ஒரு வாரம் மறுபடி எடைபோட்டு எழுதுங்கள். பலருக்கு எண்ணெயும் தட்டின் அளவும் மெல்லக் கூடியிருக்கும். அது சரியாக இருந்தால் 100 கலோரி குறைக்கலாம் அல்லது தினம் 2,000 அடி கூட்டலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். களைத்துப்போயிருந்தால் இரண்டு வாரம் எடை அப்படியே நிற்கும் அளவுக்குச் சாப்பிட்டு இளைப்பாறுவதும் ஒரு திட்டம்தான்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நீரிழிவுக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் எடுத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு உணவுண்ணும் கோளாறு இருந்தவர்களும் அப்படியே. காரணமில்லாமல் எடை ஏறினால் தைராய்டையும், எடுக்கும் மருந்துகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் மனநல மருந்துகள் சிலவும் எடையை ஏற்றும். ஆனால் நீங்களாக அவற்றை நிறுத்தக் கூடாது.

ஊசி மருந்து போட்டுக்கொண்டால் இத்தனை பாடு எதற்கு?

பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு போன்ற ஊசி மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன. தேவைப்படுபவர்கள் மருத்துவர் சொல்லி எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருந்தையும் கூடவே கிடைத்த வாழ்க்கைமுறை ஆலோசனையையும் நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை 2022இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. புரதமும் தசைப் பயிற்சியும் மருந்தோடும் வேண்டும்.

இலக்கை எட்டியாகிவிட்டது. இனி?

ஒரே நாளில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பாதீர்கள். வாரத்துக்கு 100 கலோரி என்று கூட்டிக்கொண்டே போய், எடை நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் வாரங்களில் கிளைகோஜனும் தண்ணீரும் திரும்புவதால் 1 கிலோ ஏறும். அதைக் கொழுப்பு என்று நினைத்துப் பதற வேண்டாம்.

13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டுக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், காலை உணவைத் தவிர்ப்பதில்லை, தினம் ஏறக்குறைய 1 மணி நேரம் உடலை அசைக்கிறார்கள்.

எச்சரிக்கைக் கோடு ஒன்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 72 கிலோவில் நிற்கிறீர்கள் என்றால் கோடு 74. வாரச் சராசரி அதைத் தொட்ட அன்றே, தொடங்கியபோது எழுதிய அந்த இரண்டு காரியங்களையும் நான்கு வாரத்துக்குத் திரும்ப எடுங்கள். 2 கிலோவை இறக்க ஒரு மாதம் போதும். 9 கிலோ ஏறிய பிறகு கவனித்தால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.